1956 நவம்பர் 1: பழைய பாட்டும் குமரி வரலாறும் சேர்ந்த ஒரு மணி நேர வானொலி நிகழ்ச்சி – எப்படிக் கட்டுவது?

வடசேரி_ஒலி:

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. 1945 முதல் 1960 வரை வந்த பாட்டுகளும் அந்தக் காலத்துக் குமரி வரலாறும் சேர்ந்த வார நிகழ்ச்சி. முதல் நிகழ்ச்சி நவம்பர் 1-ஐ ஒட்டி, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணைந்த நாளைப் பற்றி.

கையில் இருப்பது: நாற்பது வரை 78 சுற்று (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) இசைத்தட்டுகள் (எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன்), 78 வேகமும் உள்ள யூ.எஸ்.பி. ரிக்கார்டு பிளேயர் ஒன்று, கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருள்.

சிக்கல்கள்: பாட்டுக்கும் பேச்சுக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று பிடிபடவில்லை. தட்டிலிருந்து எடுத்த பாட்டு கம்பளிக்குள்ளிருந்து பாடுவது மாதிரி மந்தமாக இருக்கிறது, சுருதியும் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறி நிற்கிறது. உரிமை விஷயத்தில் எது சரி, எது தப்பு என்று தெரியவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் யூடியூபில் ஏற்றலாமா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

---

ஒலிக்கட்டு:

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடுங்கள். நிலைய அறிவிப்புக்கு 2 நிமிடம் விட்டால் கையில் 58 நிமிடம். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் 3 நிமிடத்தைச் சுற்றியே இருக்கும், 3:20-ஐத் தாண்டுவது அபூர்வம். சராசரி 3:10 என்று வையுங்கள். ஒன்பது பாட்டுக்கு 28:30. நான்கு வரலாற்றுப் பகுதிகள், ஒவ்வொன்றும் 4 நிமிடம், ஆக 16. பாட்டு முன்னுரை ஒன்பது, தலா 35 வினாடி, ஆக 5:15. ஊர்ப் பெரியவர் ஒருவர் குரலுக்கு 4 நிமிடம். தொடக்கம், முடிவு இரண்டுக்கும் 1:30 வீதம் 3. கூட்டினால் 56:45. மீதி 1:15-ஐத் தொடாதீர்கள், அது மூச்சு விடும் இடம். பத்தாவது பாட்டைத் திணித்தால் வரலாறுதான் நசுங்கும்.

எழுதி வாசிக்கும் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல்தான் தெளிவாகக் கேட்கும். 4 நிமிடப் பகுதிக்கு 380 சொல் போதும். 500 எழுதிவிட்டு வேகமாக வாசிக்கிறவர்கள் நிறைய. வீட்டில் மீன் கழுவிக்கொண்டே கேட்கிறவர்களுக்கு அது ஒட்டாது.

இதைவிட முக்கியமானது பாட்டைத் தேர்ந்தெடுக்கிற முறை. 'பழைய பாட்டு' என்று பொதுவாக எடுத்தால் 1962-ம் 1968-ம் உள்ளே நுழைந்துவிடும். நிகழ்ச்சிக்கு ஒரு தேதி இருக்கிறது என்றால், அந்தத் தேதியில் நம்ம ஊர்க் காதில் விழுந்திருக்கக் கூடிய பாட்டு மட்டும்தான் போக வேண்டும். அந்த ஒரு விதியை விடாமல் பிடித்தால் நிகழ்ச்சி தானாக ஒட்டி நிற்கும். நவம்பர் 1, 1956 அன்று தீபாவளி. 'ரங்கோன் ராதா' அன்றைக்குத்தான் வெளியானது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 'மதுரை வீரன்' பாட்டுகள் அதற்குள் தெருவுக்கு வந்தாயிற்று. இணைப்பு நாளும் தீபாவளியும் ஒன்று என்பதை முதல் 30 வினாடியிலேயே சொல்லிவிட்டால் கேட்கிறவர் ரேடியோவை மூட மாட்டார்.

சினிமாப் பாட்டு மட்டுமே போதாது. அந்தக் காலத் தட்டுகளில் நாகஸ்வரம், நாடக செட் (ஒரு நாடகத்தைப் பல தட்டுகளில் பதித்த தொகுப்பு), பக்திப் பாடல் எல்லாம் இருந்தன. ஒன்பதில் இரண்டையாவது சினிமா அல்லாததாக வையுங்கள். ஒன்று நாகஸ்வரமாக இருக்கட்டும். நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956 டிசம்பர் 12. இணைப்புக்கு ஆறு வாரம் கழித்து. டிசம்பர் நிகழ்ச்சிக்கு அதுவே தலைப்பு.

---

தட்டும்_ஊசியும்:

மந்தமும் சுருதியும் இரண்டு வேறு நோய்கள். தனித்தனியாகப் பாருங்கள்.

சுருதி: அரைக் கட்டை என்றால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடியிருக்கிறது. விலை குறைந்த பிளேயர்களில் இது சகஜம். மோட்டாருக்கு அடியில் சின்னத் திருகு துளை இருந்தால் அதில் வேகத்தைத் திருத்தலாம். அளக்க ஸ்ட்ரோப் தட்டு (சம இடைவெளியில் கோடுகள் வரைந்த வட்டம்) வேண்டும், காகிதத்தில் அச்சடித்தாலே போதும். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். அதனால் 77 கோடு உள்ள வட்டம் அசையாமல் நின்றால் வேகம் 77.92, அதுதான் சரி. 78.26 என்று இணையத்தில் பார்ப்பது 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் கணக்கு. எல்.இ.டி. பல்ப் வெளிச்சத்தில் கோடு தெளிவாகத் தெரியாது. சோக் வைத்த பழைய டியூப்லைட் அல்லது குண்டு பல்புக்குக் கீழே பாருங்கள். திருகே இல்லாத பிளேயர் என்றால் ஆடாசிட்டியில் 'சேஞ்ச் ஸ்பீட்' (புதிய பதிப்புகளில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்') போடுங்கள். 'சேஞ்ச் பிட்ச்' மட்டும் வேண்டாம், அது நேரத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் இழுத்துக் குரலைக் கெடுக்கும்.

வேகம் சரியான பிறகும் ஒரு பாட்டு மட்டும் சுருதி விலகி நின்றால், தட்டு வெட்டப்பட்ட வேகமே வேறாக இருந்திருக்கலாம். ஆர்மோனியத்தில் ஒத்துப் பார்த்து, அருகிலிருக்கிற கட்டைக்கு நகர்த்துங்கள்.

ஊசி: பிளேயரில் 78 என்று எழுதியிருந்தாலும் கூட வருவது பெரும்பாலும் எல்.பி. (பின்னாளில் வந்த 33 சுற்று நீள்தட்டு) ஊசி, முனை 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 தட்டின் பள்ளத்துக்கு 3 மில், அதாவது 76 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் உட்காரும். அழுக்கும் தேய்மானத் தூளும் கிடக்கிற இடம் அது. அதனால்தான் பொரிகிற சத்தம். கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் தலைப்பகுதி) மாடலைப் பார்த்து அதற்குரிய 78 ஊசியை வாங்கி மாட்டுங்கள். ஊசி தட்டை அழுத்தும் எடை தயாரிப்பாளர் சொன்னபடி, வழக்கமாக 3 முதல் 5 கிராம். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி இரைச்சல் போய்விடும். சாவி கொடுக்கும் கிராமபோனில் ஓட்டி மைக் வைத்துப் பதிவு செய்யும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தச் சவுண்ட் பாக்ஸின் எடை 100 கிராமைத் தாண்டும், ஒவ்வொரு ஓட்டமும் தட்டைத் தின்னும்.

மந்தம்: இதுதான் உங்கள் முக்கியச் சிக்கல். யூ.எஸ்.பி. பிளேயர் உள்ளேயே ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற எல்.பி. வளைவை (ஒலிச் சமன் அமைப்பை)ப் போட்டுவிடும். அது உச்ச ஒலியைக் குறைத்து அடி ஒலியைக் கூட்டும். ஐம்பதுகளின் முற்பகுதி வரையிலான எச்.எம்.வி. 78 தட்டுகளில் உச்ச ஒலியைக் கூட்டி வெட்டவே இல்லை. கூட்டாததைக் குறைத்தால் மந்தம்தானே வரும்.

சரி செய்ய, ஆடாசிட்டியில் 'ஃபில்டர் கர்வ்' எடுத்து இந்தப் புள்ளிகளை வையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் சுழியம். மேலே: 2 கிலோஹெர்ட்ஸில் 2.5 டெசிபல் கூட்டு, 3-ல் 4.7, 5-ல் 8, 10-ல் 13.5. கீழே: 400 ஹெர்ட்ஸில் 2.5 குறை, 200-ல் 4.5, 100-ல் 5, 50-ல் 3. பிறகு 8 அல்லது 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுங்கள். அதற்கு மேல் தட்டில் இரைச்சல்தான் மிச்சம். இதை ஒரு பெயரில் சேமித்து வைத்தால் நாற்பது தட்டுக்கும் ஒரே சொடுக்கு.

1955-ஐ ஒட்டிப் பதிவானவற்றில் தட்டிலேயே உச்ச ஒலியைக் கொஞ்சம் கூட்டி வெட்டியிருப்பார்கள். அவற்றுக்கு 10 கிலோஹெர்ட்ஸில் 3.5 முதல் 4 டெசிபல் போதும். எது எந்த வகை என்பதற்குப் பாடகர் சொல்லும் 'ச', 'ஸ' எழுத்துகளைக் கேளுங்கள். சீறினால் கூட்டியது அதிகம், 'ஷ' மாதிரி மழுங்கினால் குறைவு.

பதிவை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்து அப்படியே ஒரு பிரதியைத் தொடாமல் வையுங்கள். எல்லாத் திருத்தமும் நகலில்தான். 78 தட்டு ஒற்றைத் தடம். இடமும் வலமும் சேர்த்து மோனோ ஆக்கினால் மேல்-கீழ் அசைவில் வரும் இரைச்சல் அடிபடும். ஒரு சுவர் மட்டும் தேய்ந்த தட்டு என்றால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு நல்ல பக்கத்தை மட்டும் எடுங்கள். இரைச்சல் நீக்கத்தை 6 டெசிபலுக்கு மேல் கொண்டு போகாதீர்கள். போனால் தம்புராவும் வயலினும் தண்ணீருக்குள் மூழ்கின மாதிரி ஆகிவிடும். அந்த வழுவழுப்பை விட மெல்லிய இரைச்சல் ஆயிரம் மடங்கு மேல்.

---

வடசேரி_ஒலி:

வளைவு போட்டுப் பார்த்தேன், நல்ல வித்தியாசம் தெரிகிறது. இன்னும் இரண்டு: சில தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை. சானிடைசர் அல்லது ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா? ஒரு தட்டில் விளிம்பிலிருந்து இரண்டு அங்குல விரிசல், வேறு பிரதி கிடைக்கவில்லை.

---

தட்டும்_ஊசியும்:

சானிடைசரும் ஸ்பிரிட்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது. 78 தட்டு அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும், பள்ளத்தின் சுவர் போய்விடும், திரும்ப வராது.

காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு லிட்டர், அதில் நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் பள்ளம் போகிற திசையிலேயே சுற்றித் துலக்குங்கள், குறுக்கே வேண்டாம். நடு லேபிளில் தண்ணீர் படாமல் வட்டமான பிளாஸ்டிக் மூடி ஒன்றை அழுத்திப் பிடியுங்கள். பிறகு வெறும் வடிநீரில் அலசி, பஞ்சு நூல் உதிராத துணியால் ஒற்றி, நிழலில் நிமிர்த்தி உலர விடுங்கள். ஊற வைக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரும் வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் தங்கும். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்றும் உண்டு. பழைய அட்டை உறையிலேயே திரும்பப் போட்டால் பூஞ்சை மறுபடி வரும். புதிய காகித உறை, நிமிர்ந்த நிலை, சுவரை ஒட்டாத அலமாரி. படுக்க வைத்து அடுக்கினால் அடியிலிருப்பது வளையும்.

விரிசல் தட்டு: ஊசி விரிசலைத் தாண்டும்போது ஏறுகிற திசையா இறங்குகிற திசையா என்று முதலில் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் உயர்ந்து நின்றால் அடியில் மெல்லிய காகிதத்துண்டு வைத்துச் சமன் செய்யலாம். ஓட்டினால் ஒவ்வொரு 0.77 வினாடிக்கும் ஒரு 'டக்' வரும். இரண்டு அங்குல விரிசல் என்றால் விளிம்புப் பக்கப் பகுதி முழுவதும் வரும், கிட்டத்தட்ட இரண்டு நிமிடம், நூற்றைம்பது 'டக்'. ஆடாசிட்டியில் பெரிதாக்கி, ஒவ்வொன்றையும் பிடித்து 'ரிப்பேர்' கொடுங்கள். அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைதான் எடுக்கும், 96 கிலோஹெர்ட்ஸில் 1.3 மில்லி வினாடி. இரவு ஒன்று போய்விடும், ஆனால் வேறு பிரதி இல்லாத பாட்டுக்கு அது தகும்.

ஒலி மட்டம் பற்றி ஒன்று விட்டுப்போனது. பேச்சை −16 எல்.யு.எஃப்.எஸ்.-ல் (காதில் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) வைத்தால் தட்டுப் பாட்டை −18-ல் வையுங்கள். பழைய பதிவில் எல்லா ஒலியும் நடுப்பகுதியிலேயே நெருக்கிக்கொண்டு நிற்பதால், மீட்டரில் சமமாக இருந்தாலும் காதுக்குக் கூடுதலாக அடிக்கும்.

---

ஆவணப்பெட்டி:

வரலாற்றுப் பகுதியில் வழக்கமாக நழுவுகிற இடங்களைச் சொல்கிறேன். ஒரு தப்பு போனால் பார்வதிபுரத்திலிருந்து களியக்காவிளை வரைக்கும் போன் வரும்.

இணைந்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள். கிள்ளியூர், திருவட்டாறு பின்னாளில் பிரிந்தவை, 1956 உரையில் அவற்றைத் தாலுகா என்று சொல்லக் கூடாது. செங்கோட்டையும் அதே நாளில் வந்தது, ஆனால் திருநெல்வேலி மாவட்டத்துக்கு.

விட்டுவந்த ராஜ்யத்தின் பெயர் திருவிதாங்கூர்-கொச்சி, 1949 ஜூலை 1-ல் உருவானது. கேரளம் என்ற மாநிலம் பிறந்ததே அந்த நவம்பர் 1 அன்றுதான். 'கேரளாவிலிருந்து பிரிந்தோம்' என்று வாசித்தால் கணக்கு இடிக்கும். இன்னொன்று: அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் முதலமைச்சரே இல்லை. 1956 மார்ச்சிலிருந்து குடியரசுத் தலைவர் ஆட்சி. திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்த பட்டம் தாணுபிள்ளையின் ஆட்சி 1954 மார்ச் முதல் 1955 பிப்ரவரி வரை. அவர் பெயர் வர வேண்டிய இடம் 1954 ஆகஸ்ட் 11, இணைப்புப் போராட்டக்காரர்கள் மீது மார்த்தாண்டம், புதுக்கடையில் நடந்த துப்பாக்கிச் சூடு. இந்தப் பக்கம் சென்னையில் முதலமைச்சர் காமராசர். 'தமிழ்நாடு' என்று அரசுப் பெயர் மாறியது 1969 ஜனவரி 14. அதனால் உரையில் 'சென்னை ராஜ்யம்' என்றே போகட்டும்.

துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. ஒரு எண் சொன்னால் எந்த ஆவணத்திலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பகுதி முடிந்ததும் உடனே நகைச்சுவைப் பாட்டு போடாதீர்கள். உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் இங்கேயே, நம்ம கேட்புப் பரப்புக்குள்ளேயே இருக்கிறார்கள். நாகஸ்வர ஆலாபனை ஒன்று வைத்தால் இடைவெளி தானாக அமையும்.

ஒலி விளைவுகளிலும் தேதி உண்டு. 1956 நாகர்கோவில் என்று சொல்லி நீராவி ரயில் ஊதுவதைக் கேட்டிருக்கிறோம். இந்த மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல். பேருந்து ஹாரன், மாட்டுவண்டி, ஆலய மணி, கடல் இவை போதும். ஆல் இந்தியா ரேடியோவின் சினிமாப் பாட்டுச் சேவையான 'விவித பாரதி'யை 1956-ல் யாரும் கேட்டிருக்க முடியாது, அது 1957 அக்டோபர் 3-ல் தொடங்கியது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963, நாகர்கோவில் நிலையம் 1984. அப்போது இங்கே கேட்ட வானொலி: திருவனந்தபுரம் (1943-ல் சமஸ்தானம் தொடங்கியது, 1950 ஏப்ரல் 1 முதல் ஆல் இந்தியா ரேடியோ), திருச்சி (1939), பிறகு ரேடியோ சிலோன். பி.வி. கேஸ்கர் 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராகி ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒடுக்கியபோது சிலோன்தான் மக்களுக்குக் கதி. இந்த ஒன்றை வைத்தே ஒரு முழு நிகழ்ச்சி கட்டலாம்.

காசு விஷயம்: புதிய பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. இணைப்பு நாளில் டிக்கெட் விலை, அரிசி விலை எல்லாம் அணாவில். தூரம் மைலில்.

அடுத்த மாதங்களுக்குத் தலைப்பு வேண்டுமென்றால்: 1948 பிப்ரவரி 12 (கன்னியாகுமரியில் காந்தியின் அஸ்தி கரைப்பு), ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் மறைந்த 1957 ஆகஸ்ட் 30, தேரூர்க் கவிமணி மறைந்த 1954 செப்டம்பர் 26. கலைவாணருக்கான வாரத்தில் வில்லுப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது, அது நம்ம மண்ணின் கலை. அவர் மேடைக்கும் சினிமாவுக்கும் அதைக் கொண்டுபோனார்.

---

உரிமை_விவரம்:

ஒரு பாட்டில் மூன்று உரிமை: ஒலிப்பதிவு, இசை, வரிகள். மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிடணும்.

ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1956-ல் வந்த தட்டு 2016 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. உங்கள் காலக்கட்டம் 1960 வரை என்பதால் தட்டுகள் எல்லாமே முடிந்தவைதான். இசைக்கும் வரிக்கும் அவரவர் இறந்த ஆண்டுக்கு அடுத்ததிலிருந்து 60. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல் மறைந்தார், 2019-ஓடு முடிந்தது. ஜி. ராமநாதன் 1963, 2023-ஓடு முடிந்தது. சி.ஆர். சுப்பராமன் 1952, எப்போதோ முடிந்தது. ஆனால் உடுமலை நாராயண கவியும் கண்ணதாசனும் 1981, அதாவது 2041 வரை இருக்கிறது. மருதகாசி 1989, கே.வி. மகாதேவன் 2001. ஆகவே ஒரே படத்தில் ஒரு பாட்டு முடிந்திருக்கும், அடுத்த பாட்டு முடிந்திருக்காது. பாட்டுப் புத்தகத்தையும் தட்டின் லேபிளையும் வைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் யார் என்று உறுதி செய்துவிட்டு அட்டவணை போடுங்கள். இணையப் பட்டியல்களை மட்டும் நம்பினால் ஒருவர் பாட்டு இன்னொருவர் பேரில் போய்விடும்.

நாகஸ்வர ராக ஆலாபனைத் தட்டில் வரி இல்லை, அதனால் அந்தச் சிக்கலும் இல்லை.

முடியாதவற்றை ஒலிபரப்ப நிலையத்துக்கு ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைத் தொகையை வசூலிக்கும் சங்கம்) உரிமம் இருக்கிறதா என்று நிலையப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருந்தாலும் அது ஒலிபரப்புக்குத்தான். வானொலிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு தரும் சலுகை (நிர்ணயித்த கட்டணம் கட்டி ஒலிபரப்பலாம் என்பது) இணையத்துக்குப் பொருந்தாது என்று 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யூடியூபுக்கு இரண்டாவது பிரதி தயாரியுங்கள்: பேச்சு முழுதும், உரிமை முடிந்த பாட்டுகள் மட்டும், அவையும் உங்கள் தட்டிலிருந்து எடுத்தவையாக. அப்படியும் தானியங்கி முறையில் உரிமைக் கோரிக்கை வரலாம். லேபிளின் படம், தட்டு எண், வெளியான ஆண்டு மூன்றையும் ஒரு கோப்பில் வைத்திருந்தால் மறுப்புப் போடலாம்.

---

வடசேரி_ஒலி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கடைசியாக, பெரியவர் குரல். 85 வயதுப் பாட்டி ஒருவர் பேசச் சம்மதித்திருக்கிறார். இணைப்பு நாளன்று பள்ளிக்கூடத்தில் படித்தவர். எப்படிக் கேட்பது?

---

ஒலிக்கட்டு:

தேதி கேட்டால் தடுமாறுவார். 'அந்தத் தீபாவளி' என்று தொடங்குங்கள். வீட்டில் என்ன பலகாரம், யார் வீட்டில் ரேடியோ இருந்தது, பள்ளிக்கூடத்தில் என்ன மாறியது, எந்த மொழிப் பாடப் புத்தகம் என்று பொருளைப் பிடித்துக் கேளுங்கள், பேச்சு தானாக வரும். 'சந்தோஷமா இருந்துதா பாட்டி?' என்று கேட்டால் 'ஆமா மக்கா' என்பதோடு முடிந்துவிடும்.

சட்டை மைக்கைச் சேலை மடிப்பில் படாமல், வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். பேச்சு தொடங்கும் முன் அந்த அறையின் வெறும் அமைதியை 30 வினாடி பதிவு செய்யுங்கள், வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அது வேண்டும். 4 நிமிடத்துக்கு 40 நிமிடம் பதிவு ஆகும். அவர் சொல்லில் 'வந்தினும்', 'போயினும்' என்று எப்படி வருகிறதோ அப்படியே விடுங்கள், திருத்த வேண்டாம். ஒலிபரப்புச் சம்மதத்தைக் குரலிலேயே முதலில் வாங்கிவிடுங்கள். பேரன் பேத்தியிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவைப்பது நல்லது.